கைத்துப்பாக்கி ரசிகர்களும் காயம்பட்ட உடலும்

ஓர் எழுத்தை மதிப்பிடும்போது அதில் எழுதப்பட்டிருப்பதை மட்டுமன்றி, எழுதப்படாமல் விடப்பட்டிருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விமர்சனத்தின் பாலபாடம். இலக்கியம் என்று எவரும் கருதாத ஓர் எழுத்து வகையின்மீது இப்பாடத்தைப் பிரயோகித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். புதிதாகச் சந்தைக்கு வரும் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளைப் பற்றி அவற்றின் ரசிகர்கள் எழுதியும் பேசியும் வெளியிடும் அபிப்பிராயங்களையே குறிப்பிடுகிறோம்.

வன்னியில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. பத்தாம் வகுப்பு மாணவருக்கு 'எனக்குப் பிடித்த கருவி' என்ற தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தோம். மண்வெட்டியும் தையல் இயந்திரமும் உழவு இயந்திரமும் வந்தன. ஒருவன் மாத்திரம் அமெரிக்காவில் விற்பனையாகும் கைத்துப்பாக்கி ஒன்றைப் பற்றி எழுதியிருந்தான். அதன் எடை, ரவைகளின் தொகை, விசையின் தன்மை யாவும் ஒழுங்காகக் கூறப்பட்டிருந்தன. எழுத்துப் பிழை ஒன்றுதானும் இல்லை. 2009ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்த அந்த மாணவன் துவக்குச் சத்தத்தைக் கைபேசியில் மட்டுமே கேட்டவன். அவனுக்கு எத்தனை புள்ளி இடுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தோம். அவன் யாருடைய நடையைப் பின்பற்றி எழுதினான் என்று தேடிச் சென்றபோதே மேற்கூறிய எழுத்து வகை நமக்கு அறிமுகமாயிற்று.

இவ்வகை எழுத்துக்கு நிலைபெற்ற ஒரு வாய்பாடு உண்டு. பெட்டியிலிருந்து எடுத்ததும் துப்பாக்கியின் எடை சொல்லப்படும். பிடி உள்ளங்கையில் எவ்வாறு அமைகிறது, விசையை இழுக்க எவ்வளவு விரல்வலு வேண்டும், சுட்டதும் குழல்வாய் எவ்வளவு மேலெழும்புகிறது, ரவைக்கூட்டில் எத்தனை ரவை அடங்கும் என்பன வரிசையாக வரும். பின்னர் சில நூறு ரவைகளைச் சுட்டு, எத்தனை முறை சிக்கிக்கொண்டது என்று கணக்குக் கூறப்படும். இறுதியில், முன்னைய மாதிரிகளோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு வழங்கப்படும். 1982இல் ஒஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட குளொக் 17, 'பிளாஸ்ரிக் துப்பாக்கி' என்று முதலில் எள்ளப்பட்டு, பின்னர் ஏனையவற்றை அளக்கும் அளவுகோலாயிற்று. 2018இல் வெளிவந்த சிக் சவர் பி 365, உள்ளங்கையில் அடங்கத்தக்க உடலுக்குள் பத்து ரவைகளைக் கொண்டமைக்காகக் கொண்டாடப்பட்டது.

இவ்வெழுத்துகள் யாவும் வெற்றுரை என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. அவற்றிலே தொழில்நுணுக்கத்தின்பால் உண்மையான மரியாதை இருக்கிறது. ரவை வெடித்ததும் எழும் பின்னுதைப்பு, மேலுள்ள உருக்குப் பகுதியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. வெற்றுக் கோது வெளியே வீசப்படுகிறது. சுருள்வில் அப்பகுதியை மீண்டும் முன்னே கொணரும்போது அடுத்த ரவை குழலின் அடியில் ஏறிக்கொள்கிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இவ்வளவும் முடிந்துவிடுகின்றன. ஆயினும் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு ரவையே பாயும். அதனாற்றான் இது 'அரை'த் தானியங்கி. இவ்வியக்கத்தைச் செம்மைப்படுத்தியோருள் முதன்மையானவரான ஜோன் பிரௌணிங், 1926இல் பெல்ஜியத்தின் லீஜ் பகுதியிலுள்ள தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே உயிர் நீத்தார். கைவண்மையை மதிக்கும் எவருக்கும் இத்தகைய உழைப்பின்மீது வியப்புத் தோன்றுவது இயல்பே.

ரசிகர்களின் சோதனைக்குப் பயனும் உண்டு. அமெரிக்காவில் நுகர்பொருள்களின் பாதுகாப்பைக் கண்காணிக்க 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. குழந்தையின் பொம்மை அதன் அதிகாரத்துக்கு உட்பட்டது, துப்பாக்கியோ உட்படாதது. ஆகவே, ஒரு மாதிரி அடிக்கடி சிக்குகிறது என்றோ, அதன் ஊசி முறிகிறது என்றோ வெளிப்படையாகச் சொல்லும் ரசிகர், அரசு செய்யாத ஒரு வேலையைச் செய்கிறார். நூலாசிரியரின் ஊரையும் குணத்தையும் புகழ்ந்துவிட்டு நூலைத் திறவாமலே மூடிவிடும் நமது புத்தக விமர்சகர் சிலர் இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்றுகூடக் கூறலாம்.

எனில், குறை எங்கே உள்ளது? ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 1948 சனவரி 30ஆம் நாள் காந்தியடிகள்மீது பாய்ந்த ரவைகள் இத்தாலியில் செய்யப்பட்ட பெரெற்றா 1934 என்ற அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியிலிருந்து வந்தவை. அன்று அத்துப்பாக்கி சிக்கவில்லை. சுட்டவன் இழுத்தபோதெல்லாம் விசை இணங்கிற்று. கோதுகள் ஒழுங்காக வெளியே விழுந்தன. மூன்று ரவைகளும் குறி தவறவில்லை. ரசிகர்களின் அளவுகோல் ஒன்றையே கொண்டு பார்ப்பின், அத்துப்பாக்கி அன்றைய பரீட்சையில் முழுப் புள்ளி பெற்றது. இம்முடிவு நம்மைத் துணுக்குறச் செய்கிறதெனில், பிழை நமது மனத்தில் இல்லை, அளவுகோலிலேயே உள்ளது. நம்பகம் என்ற சொல்லை அது கையாளுகிறது. யாருக்கு எதிராக நம்பகம் என்று கேட்பதில்லை.

கத்தியைப் பற்றி எழுதுபவர் கொலையைப் பற்றியும் எழுத வேண்டுமா என்று மறுப்போர் வினவலாம். கத்திக்குக் காய்கறி அரியும் வேலை உண்டு. வன்னி விவசாயியின் இடியன் துவக்குக்கும் காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் வேலை இருந்தது. அதையும் நாம் புனிதப்படுத்தவில்லை. விலங்குக்கு வைத்த கட்டுத்துவக்கில் அகப்பட்டுக் காலிழந்த மனிதர் காட்டோரக் கிராமங்களில் உண்டு. விளையாட்டுப் போட்டிக்கென்றே செய்யப்படும் துப்பாக்கிகளும் உள; அவை வேறு இனம். உடுப்புக்குள் மறைத்து எடுத்துச் செல்லத்தக்க, குறுகிய குழலுடைய, சில அடி தூரத்தில் நிற்பவரைச் சுடுவதற்கான கைத்துப்பாக்கிக்கு மனிதனைத் தவிர வேறு இலக்கு இல்லை. அதன் பயன் மனித உடலிலேயே முற்றுப்பெறுகிறது. அந்த உடலைச் சொல்லாது அக்கருவியை விமர்சித்தல், நெல்லைக் குறிப்பிடாமல் அரிவாளை விமர்சிப்பதை ஒக்கும்.

உண்மையில், உடல் இவ்வெழுத்துகளில் வேறு வேடத்தில் வரவே செய்கிறது. ரவை எவ்வளவு ஆழம் புகும் என்பதை அறிய, தசைக்கு ஈடாக அமையும்படி காய்ச்சி உறையவைத்த ஜெலற்றின் பாளத்தில் சுட்டுப் பார்க்கிறார்கள். 12 முதல் 18 அங்குலம் வரை புகுவதே விரும்பத்தக்கது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை வகுத்த அளவு. அந்தப் பாளத்துக்குப் பெயரில்லை, தாயில்லை, வலியில்லை. கண்ணாடிபோலத் தெளிந்த அதனுள் ரவை சென்ற பாதையைக் காட்டி, 'நிறுத்தும் ஆற்றல்' சிறப்பு என்கிறார்கள். நிறுத்தப்பட்டது எது என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது.

தற்காப்பு என்ற மற்றொரு சொல்லும் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. இவ்வெழுத்துகளின் கற்பனையில் துப்பாக்கிக்கு எதிரே வருபவன் எப்பொழுதும் இருளில் நுழையும் அந்நியனே. யதார்த்தம் என்ன சொல்கிறது? 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பாதிக்கு மேற்பட்ட மரணங்களில் அந்நியன் எவனும் வரவில்லை. விசை எவ்வளவு இலேசாக இயங்குகிறது என்று போற்றும் எழுத்தாளர், மனமுடைந்த ஓர் இரவில் அந்த இலேசு எதைக் குறிக்கும் என்று ஒரு வரிதானும் எழுதுவதில்லை.

படைக்கலத்தைப் புகழ்தல் தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 95ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் சென்றபோது பாடியது அது. தொண்டைமானின் வேல்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் பளபளக்கின்றன; அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனுடைய சிறிய கொட்டிலில் கிடக்கின்றன. புகழ்வதுபோலத் தொண்டைமானை இகழ்ந்த சாதுரியத்தை வகுப்பறைகளில் நாம் வியந்து கற்பிக்கிறோம். வேந்தரின் போர்ப் பெருமையை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலின் நுனி எங்கே முறிந்தது என்பதை ஔவையார் மறைக்கவில்லை. பீலி சூடிய புது வேல் அவருக்கு வியப்பூட்டவுமில்லை. அத்தொகை நூலிலேயே கணவனை இழந்த பெண்ணின் புலம்பலும், அரசன் மாண்டபின் எழுந்த கையறுநிலையும் இடம்பெற்றுள்ளன. வேலைப் பாடிய சமுதாயம் வேல் பட்ட உடலையும் பாடிற்று. நெய் பூசிய தொண்டைமானின் கொட்டிலிலேயே நின்றுவிடுவன இன்றைய ரசிகர்களின் எழுத்துகள்.

இந்த மறைப்பு தனிமனிதரின் கல்நெஞ்சிலிருந்து பிறப்பதன்று, சந்தையிலிருந்து பிறப்பது. செவ்வையாகப் பேணப்பட்ட கைத்துப்பாக்கி ஓர் ஆயுட்காலத்துக்கு மேலும் உழைக்கும். ஒருமுறை வாங்கியவன் மறுமுறை வாங்கத் தேவையில்லை. ஆதலால், கையிலிருப்பதில் அவனுக்கு அதிருப்தி உண்டாக்குவது உற்பத்தியாளனின் தேவையாகிறது. பிடியில் ஒரு புதிய சொரசொரப்பு, ரவைக்கூட்டில் இரண்டு ரவை கூடுதல், குறிகாட்டியில் ஒரு புள்ளி வெளிச்சம் என்று மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சோதனைக்கெனத் துப்பாக்கியை உற்பத்தியாளனே கொடுத்துதவுவதும், அவனது விளம்பரமே பத்திரிகையைத் தாங்குவதும் இத்துறையில் சாதாரணம். இந்நிலையில் ரசனை என்பது வியாபாரத்தின் கடைசிப் படியாகிவிடுகிறது.

நமக்கு அருகிலேயே இதற்குச் சான்று உண்டு. இந்தியாவின் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை 2014இல் 'நிர்பீக்' என்ற கைத்துப்பாக்கியைப் பெண்களுக்கென்றே வெளியிட்டது. அது சுழல் துப்பாக்கியே, அரைத் தானியங்கியன்று. ஆயினும் விற்பனையின் தர்க்கம் ஒன்றே. எடை ஏறக்குறைய அரைக் கிலோ. அப்போதைய விலை 1,22,360 இந்திய ரூபா. 2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பேருந்தில் வன்கொடுமைக்கு உள்ளாகி உயிரிழந்த மாணவிக்குப் பத்திரிகைகள் சூட்டிய பெயர் 'நிர்பயா'. இரு சொற்களுக்கும் அச்சமற்றது என்பதே பொருள். பேருந்தில் பயணஞ்செய்யும் உழைப்பாளிப் பெண் எத்தனை மாதச் சம்பளத்தைச் சேர்த்து இதை வாங்குவாள்? தெருவையும் பேருந்தையும் பாதுகாப்பானதாக்கும் சமுதாயக் கடமை, ஒரு தனிப்பெண்ணின் கைப்பைக்குள் பண்டமாகத் திணிக்கப்பட்டது. எடை குறைவு என்பது சிறப்பாகப் பேசப்பட்டது. இக்கடமை தட்டிக்கழிக்கப்பட்டது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

பிறரை மாத்திரம் குறை கூறி முடிப்பது நமக்குத் தகாது. யார் இடுப்பில் எந்தத் துப்பாக்கி என்ற பேச்சு, நம் இளைஞரிடையே வீரத்தின் இலக்கணமாக இருந்த காலம் ஒன்று உண்டு. இடுப்புத் துப்பாக்கி பொறுப்பின் அடையாளமாக இருந்ததை இம்மண் கண்டது. 1975 யூலை 27ஆம் நாள் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலைக் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, விவாதத்தின் இடத்தைத் துப்பாக்கி எடுத்துக்கொண்டது என்று வருந்தியோரைவிட வியந்தோரே உரக்கப் பேசினர். 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் ஆசிரியை ராஜினி திராணகம சைக்கிளில் வீடு திரும்புகையில் சுடப்பட்டார். 2005இல் பத்திரிகையாளர் தருமரத்தினம் சிவராமும், 2006இல் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜும் கொழும்பிலே கொல்லப்பட்டனர். சுட்டவர்களின் தரப்புகள் வேறு வேறாக இருக்கலாம். நம் தரப்பின் துப்பாக்கிக்கு ஒரு ரசனையும் மறுதரப்பின் துப்பாக்கிக்கு ஒரு கண்டனமும் வைத்திருந்த நமது பேச்சும், மேற்கூறிய எழுத்துகளைப் போலவே, காயம்பட்ட உடலைப் பாதியளவே கண்டது. அந்த அரைக் குருட்டுத்தனத்துக்கு 2009 வரையில் நாம் கொடுத்த விலையை முல்லைத்தீவுக் கடற்கரைக்குச் சென்று வருவோர் அறிவர். வன்னியிலே உடலில் இரும்புத் துண்டோடு வயலுக்குச் செல்லும் தகப்பன்மார் இன்றும் உளர். அவர்களின் பிள்ளைகளே நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள்.

அந்த மாணவனின் கட்டுரைக்கு, மொழிக்குரிய புள்ளியைக் குறைக்காமல் இட்டோம். அடியில் ஒரு கேள்வி மட்டும் எழுதினோம்: 'இத்துப்பாக்கிக்கு முன்னால் நிற்பவர் யார்?' மறுநாள் அவன் கொப்பியோடு வந்தான்.

"சேர், முன்னுக்கு ஒருத்தரும் இல்லை. கடதாசிதான்."

அவனிடம் குற்றமில்லை. அவன் படித்தவையும் பார்த்தவையும் அவனுக்கு அதையே கற்பித்திருந்தன. அளந்து பார்க்கும் ஆற்றலும் நுணுகி எழுதும் திறனும் அவனிடம் இருக்கின்றன; அவற்றை அழித்துவிடுதல் ஆசிரியரின் வேலையன்று. எடையைச் சொன்னவன் காயத்தின் ஆழத்தையும் சொல்லட்டும். விலையைச் சொன்னவன் அதை யார் விற்கிறார், யார் வாங்குகிறார், யார் சாகிறார் என்பதையும் சொல்லட்டும். கருவியை முழுமையாக விமர்சிப்பது என்பது இதுவே. வாசிப்புக் கற்பிக்கும் நாம் இதனைப் பாட்டிலும் கதையிலும் மட்டுமன்றி, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புகழுரையிலும் கற்பிக்கக் கடமைப்பட்டுள்ளோம். அக்கடதாசிக்குப் பின்னால் நிற்கும் மனிதரை நம் மாணவர் கண்டுகொள்ளும் வரை நம் பாடம் முடிவதில்லை.