அளவு சொல்லாத சமையலறை: 'எ டைகர் இன் த கிச்சன்' வாசிப்பு

சாப்பாட்டை வைத்து எழுதும் நினைவுக்குறிப்பு என்றாலே எனக்குக் கொஞ்சம் தயக்கம். பாட்டி, மணம், கண்ணீர் என்று முடிந்துவிடும். செரில் லு-லியன் டான் 2011இல் வெளியிட்ட இந்த நூல் அப்படியில்லை. ஆங்கில நூல்தான். ஆனால் கதை நம்ம ஊர்க் கதை. தன்வரலாறு எழுதப் பழகும் மாணவர்களுக்கு நிறையவே உதவும்.

டான் சிங்கப்பூரில் வளர்ந்தவர், புலி ஆண்டில் பிறந்தவர். சமையல் பழகினால் வீட்டோடு நின்றுவிடுவோம் என்று அடுப்படிப் பக்கமே போகாதவர். அமெரிக்காவில் படித்து, 'வால் ஸ்திரீட் ஜர்னல்' நாளிதழில் ஃபேஷன் செய்தியாளர் ஆனார். முப்பது வயதைக் கடந்தபின், அப்பாவைப் பெற்ற பாட்டி செய்த அன்னாசி டார்ட்டுக்கு மனம் ஏங்குகிறது. கேட்கலாமென்றால் பாட்டி இல்லை. ஓராண்டு காலம் அடிக்கடி ஊருக்கு வந்து, குடும்பப் பெண்களிடம் கற்றுக்கொள்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது, அவர் நோட்டும் கையுமாக நிற்கும் இடங்கள். சீனி எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று கேட்டால் கிடைக்கும் பதில் 'அகாக்-அகாக்'. மலாய்ச் சொல், நம் வீட்டில் 'கண்ணளவு' என்போமே, அதேதான். கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவர் இங்கே திணறுகிறார். வேறு வழியின்றிப் பக்கத்திலேயே நின்று கை வேலை செய்கிறார். அன்னாசிப் பாகு சுண்டும்வரை நேரம் கிடக்கிறதே, அப்போதுதான் பழைய குடும்பக் கதைகள் வெளியே வருகின்றன.

குறையும் உண்டு. இணையத்தில் சேர்ந்து ரொட்டி சுடும் பகுதிகள் நூலை இழுக்கின்றன. எனக்கு அவை தேவைப்படவில்லை.

"கடைசியில கிச்சனுக்கே வந்துட்டாங்களே டீச்சர்?" என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் நூலில் அவர் லட்சியத்தை விட்டுக்கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. செய்திக்காக அலைந்த அதே பிடிவாதத்தோடுதான் டார்ட்டுக்காகவும் அலைகிறார். அந்த அலைச்சலே நூலாகியும் இருக்கிறது. மாணவி ஒத்துக்கொள்ளவில்லை. அதையே கட்டுரையாக எழுதச் சொன்னேன்.

வகுப்பில் செய்து பார்க்க விரும்புவோர், வீட்டுப் பலகாரம் ஒன்றின் அளவைக் கேட்டுவரச் சொல்லுங்கள். அளவை எழுத வேண்டாம். கேட்டபோது நடந்த பேச்சை எழுதட்டும். நானும் அம்மாவிடம் நெத்திலி சம்பாலுக்குப் புளி எவ்வளவு என்று கேட்டேன். "போடறப்போ வந்து பாரேன்" என்றார். இந்தச் சனிக்கிழமை போகிறேன்.