அச்சம் என்னும் மெய்ப்பாடும் வீட்டுத்திரைக் கொலைப்படமும்

மெய்ப்பாடு எட்டனுள் அச்சமும் ஒன்று. அதன் நிலைக்களன் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கே என்று தொல்காப்பியர் வரையறுத்தார். அவ்வரையறையில் மாறுபாட்டிற்கு இடமில்லை என்பதையும் அவரே சொல்லிச் சென்றார். இக்காலத்தே, கத்தி ஏந்திய ஒருவன் பெண்டிரை ஒருவர்பின் ஒருவராகக் கொன்று செல்வதையே கதையாகக் கொண்ட படங்கள் பல தோன்றியுள்ளன. ஆங்கிலத்தார் இவற்றை ‘ஸ்லாஷர்’ என்பர். யாம் வெட்டுக்கொலைப் படம் எனக் குறிப்பாம். இப்படங்கள் எழுப்பும் அச்சம் அந்நான்கனுள் எதன்பாற்படும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இத்தகைய மலிவான படங்கள் தமிழ்த்துறை ஆராய்ச்சிக்கு உரியனவோ என்று ஐயுறுவார் உளர். கூளி பிணக்கூழ் அடும் பரணியைப் பாடம் சொல்லும் நமக்கு அவ்வையம் பொருந்தாது என்ற அளவில் விடுத்து மேற்செல்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது நூலன்று. பழவேற்காட்டு ஏரியின்கண் உள்ள பசியாவரம் என்னும் மீனவர் ஊரில் கேட்ட ஒரு சொல். நீலி கதையின் வாய்மொழி வடிவங்களைத் தேடித் திருவள்ளூர் மாவட்டத்தில் யாம் திரிந்த காலை அவ்வூருக்கும் சென்றோம். நீலியைப் பற்றி வினவினோமாக, முதியோர் சிலர் அதனை விடுத்து, டெக்கு வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த நாள்களைப் பற்றியே ஆர்வத்தோடு பேசத் தலைப்பட்டனர். தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் கேசட்டுகளும் படகில் ஏறி வரும். ஓரிரவுக்கு மூன்று படமோ நான்கு படமோ ஓடும். திருவிழாப் போல ஊரே ஒரு முற்றத்தில் கூடும். அவற்றுள் ஒன்று கொலைப்படமாகவே இருக்கும் என்றனர். அச்சமாக இல்லையோ என்று வினவியபோது ஒரு மூதாட்டி, “பேய்ன்னா படகு ஏறிப் போயிடலாம்ப்பா, வூட்டுக்காரனே அப்படின்னா எங்க போறது?” என்றார். மெய்ப்பாட்டியல் உரைகளைப் பன்முறை பயின்றும் எமக்குத் தோன்றாத ஒன்று அச்சொல்லில் இருந்தது.

முதற்கண் வெட்டுக்கொலைப் படத்தின் பிறப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1978ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25ஆம் நாள் அமெரிக்காவில் ஜான் கார்ப்பென்டர் இயக்கிய ‘ஹாலோவீன்’ வெளிவந்தது. சிறு முதலீட்டில் எடுக்கப்பெற்ற அப்படம் பெரும் பொருள் ஈட்டவே, அதனைப் பின்பற்றி எண்ணிறந்த படங்கள் எழுந்தன. ஒளிநாடாப் பெட்டிகள் இல்லந்தோறும் புகுந்தபின், திரையரங்கை எதிர்நோக்காது வீட்டுக்கென்றே எடுக்கும் வழக்கமும் உண்டாயிற்று. 1983இல் ‘ஸ்லெட்ஜ்ஹேமர்’ என்னும் படம் ஒளிநாடாவிலேயே எடுக்கப்பெற்றது. 1985இல் ஓக்லகோமா மாநிலத்து டல்சா நகரில் கிறிஸ்டோபர் லூயிஸ் என்பார் ஏறத்தாழ 27,000 டாலர் செலவில் ‘பிளட் கல்ட்’ என்னும் படத்தை எடுத்தார். வீட்டு ஒளிநாடாச் சந்தைக்கென எடுக்கப்பெற்ற முதற்படம் என்றே அது விளம்பரம் செய்யப்பெற்றது, அவ்வுரிமை வழக்கிற்குரியது. நடிப்பும் ஒளியமைப்பும் அதன்கண் மிக எளியன. கலை என்று போற்றத்தக்கது அதனுள் அரிது. எனினும் கூத்துக்களம் அரங்கினின்று இல்லத்திற்குப் பெயர்ந்தது என்பதற்கு அஃது ஒரு சான்று.

அரங்கிற்கு வாயிலோன் உண்டு. ‘வயது வந்தோர்க்கு மட்டும்’ என்னும் சான்றிதழ் அவ்வாயிலில் செல்லும். வீட்டிற்கு அத்தகைய வாயிலோன் இல்லை. இங்கிலாந்தில் இது பெருங்கிளர்ச்சியாகி, 1984இல் ஒளிநாடாப் பதிவுச் சட்டம் இயற்றப்பெற்றது. எம் ஆராய்ச்சிக்கு இச்சட்டத்தினும் வேறொன்று இன்றியமையாதது. இருண்ட அரங்கில் கண்ட அச்சத்தை விட்டு வெளியே வந்து, விளக்கொளியில் வீடு திரும்பலாம். வீட்டில் கண்ட அச்சத்திலிருந்து எவ்வீட்டிற்குத் திரும்புவது?

தமிழுக்கு வருவாம். ‘ஹாலோவீன்’ வெளிவந்த அதே அக்டோபர்த் திங்களின் இறுதியில், தீபாவளியை ஒட்டிப் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வெளிவந்தது. கடல்கடந்த இரு நாடுகளில் ஒன்றையொன்று அறியாது ஒரே திங்களில் தோன்றிய இவ்விரு படங்களையும் முன்வைத்து நோக்குவார்க்கு, வெட்டுக்கொலைப் படம் அமெரிக்காவினின்று இறக்குமதியான சரக்கு என்னும் கூற்று அத்துணை எளிதில் நிலைபெறாது. மேனாட்டில் அதற்கு முன்னரே ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) முதலியன உண்டு என்பதையும் நம் இயக்குநர்கள் அவற்றை அறிந்திருந்தனர் என்பதையும் யாம் மறுத்திலேம். ஆயினும் முன்னோர் பொதுவாதல் வேறு, படியெடுத்தல் வேறு.

இரண்டிடையே உள்ள வேற்றுமை கொலைஞன் யாவன் என்பதில் உளது. ‘ஹாலோவீன்’ கொலைஞன் முகமூடியணிந்து, பேச்சின்றி, புறத்தினின்று ஊருக்குள் வருவான். அவனைத் துன்புறுத்தினும் சாவதில்லை. விலங்கின் ஊறும் அணங்கின் இயல்பும் ஒருங்கே கொண்டவன் அவன். தொல்காப்பியர் கூறிய நான்கனுள் முதலிரண்டும் அவன்பால் அடங்கும். ‘சிகப்பு ரோஜாக்க’ளின் திலீப்போ செல்வன், அழகன், பலர் மதிக்கும் நிறுவனத் தலைவன். கமலகாசன் அவ்வேடத்தை ஏற்றார். ஸ்ரீதேவி நடித்த சாரதை அவனைத் திருமணம் செய்துகொண்டு அவன் இல்லத்தில் வாழ வருகிறாள். தோட்டத்து ரோசாச் செடிகளின் கீழ்ப் பெண்களின் பிணங்கள் புதையுண்டு கிடக்கின்றன என்பதைப் பின்னரே அறிகிறாள். இங்கே அச்சத்தின் நிலைக்களன் புறத்தினின்று வந்தானல்லன்; இல்லத்துத் தலைவனே.

ஆகவே இஃது நான்காவதன்பாற்படும் என்பது எம் துணிபு. ‘தம் இறை’ என்பதற்கு வேந்தனை மட்டும் கொள்வார் உளர். இறை என்னும் சொல் தலைமையுடையார் பலர்க்கும் பொதுவாய் வழங்குவது. கொழுநனை இறைவன் என்றலும் வழக்காறே. பிற மூன்றற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அணங்கையும் விலங்கையும் கள்வரையும் கண்டு ஓடலாம். ஓடுதல் இயல்பு என்று உலகமும் ஏற்கும். இறைக்கு அஞ்சி ஓடுவார்க்கோ, ஓடிப் புகுதற்கு இடம் இல்லை. ஓடியது ஏன் என்று வினவுவார் மட்டும் பலர். பசியாவரத்து மூதாட்டி சொன்னது இதுவே. நீர் சூழ்ந்த ஊரில் வாழ்ந்தவர், பேய்க்குப் படகு போதும் என்று கணக்கிட்டு வைத்திருந்தார்.

மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ (1984) இத்துணிபிற்கு மற்றொரு சான்று. குறைந்த செலவில் விரைந்து எடுக்கப்பெற்ற அப்படம் பெரிதும் ஓடியது. மொட்டைத் தலையும் சிவந்த மேலங்கியும் வட்டக் கண்ணாடியுமாய்ச் சத்தியராசு தோன்றிய கோலம் இன்றும் பேசப்படுகிறது. அவ்வேடத்தைக் கண்டே மக்கள் அலறினர். ஆயினும் கதையின் நஞ்சு அவனிடத்தில் இல்லை. நளினி நடித்த தேவியின் கணவனாக வரும் மோகனிடத்திலேயே உள்ளது. நிகழவிருக்கும் கொலையை முன்னுணரும் அவள், தன் கணவன் வீட்டுச் சுவரினுள் எலும்புக்கூட்டைக் காண்கிறாள். இக்கதை 1977இல் இத்தாலியில் லூச்சியோ புல்சி எடுத்த படத்தைத் தழுவியது என்பதை மறைத்தல் வேண்டா. அங்கும் கணவனே குற்றவாளி. மேனாட்டு அச்சப்படங்கள் பலவாகக் கிடக்க, முகமூடிக் கொலைஞனை விடுத்து நம்மவர் இதனைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பதே வினா. தழுவுவான் தனக்கு இயைந்ததையே தழுவுவான். பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) மட்டும் இவ்வகையில் முழுதும் அடங்காது. அதன் கொலைஞன் மணக்க விரும்பிப் பெண்ணைக் கவர்ந்து சென்றவன். அவனைக் கள்வருள் அடக்குவதா, இறையாக முயல்வானுள் அடக்குவதா என்பதில் எம் கூட்டத்தினரிடையேயே கருத்து வேறுபாடு உண்டு.

இனி நீலிக்கு வருவாம். பழையனூரும் திருவாலங்காடும் பசியாவரம் உள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தன. முற்பிறப்பில் கணவன் கையாற் கொலையுண்ட பெண், பேயாகி அவனை மறுபிறப்பில் தொடர்கிறாள். அவன் வணிகனாய், காவலுக்கு மந்திரக் கத்தி ஒன்றைக் கைக்கொண்டு பழையனூர்க்கு வருகிறான். அவள் மனைவியின் வடிவுகொண்டு, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊரவர் முன் முறையிடுகிறாள். வேளாளர் எழுபதின்மர் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, உனக்கு ஏதம் வரின் எம் உயிர் தருவோம் என்று அவனை அவளுடன் தங்கச் செய்கின்றனர். இரவில் அவன் மாய்கிறான். சொன்ன சொல் தவறாது எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர். இந்நிகழ்ச்சியைத் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் சுட்டியுள்ளார் என்பது சைவர் அறிந்ததே.

கொலைஞனாகிய கணவன், கத்தி, தனித்த வீடு, இரவு என்னும் நான்கும் இக்கதையில் உள. ஆனால் கத்தி கைமாறுகிறது. இறந்தவள் மீண்டு வருகிறாள். எழுபது பேர் கூடிய மன்றம் மனைவியின் சொல்லை நம்புகிறது. அவள் கூறிய உறவு பொய்யாயினும், கொலையுண்டது மெய். ‘சிகப்பு ரோஜாக்க’ளில் இறந்த பெண்டிர் மீள்வதில்லை. அவர்கள் ரோசாவாகப் பூப்பதோடு சரி. சாரதைக்காக எந்த மன்றமும் கூடுவதில்லை. பழைய கதை பேயை நம்பியது. அதனால் நீதியையும் கேட்க முடிந்தது. புதிய படம் பேயை நீக்கி உளநூலை வைத்தது. அவ்வுளநூல் கொலைஞனின் சார்பாகவே பேசுகிறது. இளமையில் ஒரு சிறுமி பொய்ப்பழி சுமத்தினாள். வளர்ப்புத் தந்தையின் மனைவி நெறி தவறினாள். ஆகவே அவன் கொல்கிறான் என்பது படத்தின் விளக்கம். இரண்டு பெண்டிர் செய்த குற்றத்திற்கு ஏனையோர் உயிரால் ஈடு செய்தனர் என்னும் இக்கணக்கை, இசையையும் ஒளிப்பதிவையும் வியந்து பாராட்டுவோர் பெரும்பாலும் தொடாது விடுகின்றனர். இளையராசாவின் இசையை யாமும் பாராட்டுவேம். கணக்கு பிழையானது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேம்.

இப்படத்தில் திறனாய்வாளர் போதிய அளவு கருதாத கூறு ஒன்று உண்டு. திலீப் செய்யும் கொலைகள் படமாகப் பதிவு செய்யப்பெறுகின்றன. அவற்றை அவன் வளர்ப்புத் தந்தை வீட்டிலேயே இருந்து பார்த்து மகிழ்கிறான். தமிழ்நாட்டில் ஒளிநாடாப் பெட்டி பரவுதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, வீட்டில் அமர்ந்து வெட்டுக்கொலை காணும் பார்வையாளன் ஒருவனைத் தமிழ்ப்படம் தன்னகத்தே வைத்துக் காட்டியது. மெய்ப்பாட்டியல் உரையாசிரியர் பேயையும் புலியையும் எடுத்துக்காட்டி, ஒருவன்கண் தோன்றிய அச்சம் அவன் உடல்வழிப் புலப்பட்டுக் காண்பாரைச் சென்று சேரும் முறையை விரித்துரைத்தனர். அவர் கருதிய பார்வையாளன் அஞ்சுவான் பக்கல் நிற்பவன். இவ்வளர்ப்புத் தந்தையோ அஞ்சுபவளைக் கண்டு உவக்கின்றான். அச்சம் அவனைச் சேரவே இல்லை.

அரங்கில் இருக்கும் நாம் எப்பக்கல் நிற்கிறோம்? கொலைஞன் கண்வழியே ஒளிப்பெட்டி செல்லும்போது, நமக்குக் கிடைப்பது அவளுடைய அச்சமா, அவனுடைய உவகையா? ‘ஹாலோவீன்’ தொடக்கமும் கொலைஞன் கண்வழியே காட்டப்பெறுகிறது. பின்னர் அப்படம் நம்மைப் பெண்ணின் பக்கல் கொண்டுவந்து நிறுத்துகிறது. பாரதிராஜாவும் இறுதிப் பகுதியில் அவ்வாறே செய்கிறார். சாரதை அடைத்த அறையுள் புகுந்து உண்மை உணர்ந்து ஓடும் பகுதியே படத்தின் உயிர்நிலை என்பேம். அங்கே அச்சம் தூயது. அதற்கு முற்பட்ட கொலைகளிலோ, நம்மை அவ்வளர்ப்புத் தந்தையின் நாற்காலியிலேயே இருத்திவிட்டார். அந்நாற்காலியைத் திரையில் காட்டியமையால் அவர் அதனை உணர்ந்தே செய்தார் எனக் கொள்வாரும் உளர். உணர்ந்திருப்பின், பெண்டிர்மேல் பழி ஏற்றும் அவ்விளக்கத்தை அப்படியே விட்டிருக்க மாட்டார் என்பது எம் கருத்து.

‘நூறாவது நாள்’ பற்றி வேறொரு செய்தியும் அந்நாளில் பரவியது. கொலை வழக்கொன்றில் பிடிபட்டவன் அப்படத்தைப் பார்த்ததாகக் கூறினான் என்பர். படம் கண்டு கொலை விளையும் எனின், கூத்து கண்டு அறம் விளைந்திருத்தல் வேண்டும். இரண்டிற்கும் எம்மிடம் சான்றில்லை. அதனினும் ஆராயத்தக்கது, கொல்லாதவர் அப்படங்களை எங்ஙனம் கண்டனர் என்பது.

பசியாவரத்திலிருந்து மீண்ட அன்று பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்கும் சென்றோம். வாயிலின் இருமருங்கும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்துள்ளனர். அவற்றைக் கண்டு எவரும் அஞ்சியதாகத் தெரியவில்லை. சிறுவர் அருகே ஆடிக்கொண்டிருந்தனர். புறத்தே நிற்கும் எலும்புக்கூடு அச்சத்திற்கு நிலைக்களன் ஆவதில்லை. சுவரினுள் இருப்பதே ஆகிறது.

அம்மூதாட்டி கூறியதில் எஞ்சிய ஒன்றையும் குறித்தல் வேண்டும். கொலைப்படத்தை இறுதியில் ஓட்டுவதே அவ்வூர் வழக்கமாம். அது முடியுமுன் பெரும்பாலும் வலை எடுக்கும் நேரம் வந்துவிடும். ஆடவர் எழுந்து ஏரிக்குப் போய்விடுவர். முற்றத்தில் எஞ்சிய பெண்டிரே முடிவைப் பார்த்தனர். மறுநாள் ஆடவர் கதை முடிந்தது எங்ஙனம் என்று வினவினால், ஒருவரும் ஒரே வகையாகச் சொன்னதில்லையாம்.