மறதிக்கும் தாய்மொழி உண்டு: நான்கு படங்களும் நம் வீட்டுப் பெரியவர்களும்

மறதி நோயைப் பற்றி இந்திய மொழிகளில் நல்ல படங்கள் சில வந்துவிட்டன. அவற்றுள் ஒன்று நாம் வாழும் இந்தப் பெங்களூரிலேயே நிகழ்கிறது. இன்னொன்று அதன் தமிழ் வடிவம். இவ்விரண்டையும், இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய வேறு இரண்டையும், வெளிமாநிலத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற நிலையில் நின்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். நடிப்பு எப்படி, பாட்டு எப்படி என்பதெல்லாம் இருக்கட்டும். மறதி வந்த பெரியவரைக் காப்பகத்தில் சேர்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் பார்த்துவரும் குடும்பத்துக்கு இந்தப் படங்கள் என்ன சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன? இதுதான் என் கேள்வி.

இது நாலு வீட்டுச் சங்கதி மட்டும் அல்ல. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அல்சைமர் என்பது அந்நோயின் வகைகளில் மிகுதியாகக் காணப்படுவது. நம் ஊர் இவ்விஷயத்தில் பின்தங்கியது என்று சொல்லிவிட முடியாது. நிம்ஹான்ஸ் இங்கே இருக்கிறது. 1998-இல் தொடங்கப்பட்ட நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் இங்கே இருக்கிறது. முதியோருக்கான 1090 உதவித் தொலைபேசியை மாநகரக் காவல்துறையும் அந்த டிரஸ்டும் சேர்ந்து 2002-இலேயே தொடங்கின. ஆகவே மறதியைப் பற்றிய ஒரு நல்ல கன்னடப் படம் இந்த ஊரைக் களமாகக் கொண்டு வந்ததில் வியப்பில்லை.

தொலைந்துபோகும் தந்தை

ஹேமந்த் ராவ் இயக்கிய 'கோதி பண்ண சாதாரண மைகட்டு' 2016-இல் வெளிவந்தது. கோதுமை நிறம், சராசரி உடல்வாகு என்று பொருள். காணாமல் போனவர்களைப் பற்றிய அறிவிப்பில் வருகிற வாசகம் அது. அனந்த் நாக் தந்தை வெங்கோப ராவாகவும், ரக்ஷித் ஷெட்டி மகன் சிவாவாகவும் நடித்தார்கள். மகனுக்கு மும்பையில் வேலை. தந்தை பெங்களூரில் காப்பகத்தில். பார்க்க வருகிற மகன் அவரை வெளியே அழைத்துப் போகிறான். அவனுடைய அவசரத்தில் தந்தை காணாமல் போகிறார். தேடும் வழியில் காப்பகத்து மருத்துவரிடமிருந்துதான் தன் அப்பாவைப் பற்றிய பல சங்கதிகளை மகன் கேட்டுத் தெரிந்துகொள்கிறான்.

இந்தக் கடைசி விஷயம்தான் படத்தின் உயிர். நோய் வந்தவர் தந்தை. ஆனால் தந்தையைத் தெரியாதவன் மகன். மறந்தவர் யார் என்று படம் நம்மையே கேட்க வைக்கிறது. 'அவருக்கு என்னைத் தெரியலையே' என்று வருந்துகிறவர்களிடம் 'உனக்கு அவரைத் தெரியுமா?' என்று திருப்பிக் கேட்கிற படம் நம் மொழிகளில் அதிகம் இல்லை. இதற்காகவே இதை மதிக்கிறேன்.

குறையும் உண்டு. தந்தையைத் தொலைத்த பிறகு படம் அடியாள், துப்பாக்கி, துரத்தல் என்று வேறு ரூட்டில் போய்விடுகிறது. ஒரு காப்பகத்து அறையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதைக் காட்டினால் ரசிகர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்ற பயம்போலும். ஆனால் பெரும்பாலான குடும்பங்களில் நடப்பது அந்த உட்கார்ந்திருத்தல்தான். தெருவில் தொலைகிறவர் சிலர். நம் கண்ணெதிரே, நாற்காலியில் உட்கார்ந்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைகிறவரே பலர்.

தமிழுக்கு வந்தபோது

ராதாமோகன் இயக்கத்தில் 2018-இல் வந்த '60 வயது மாநிறம்' இதே கதைதான். பிரகாஷ்ராஜ் தந்தை, விக்ரம் பிரபு மகன், இளையராஜா இசை. 'கோதுமை நிறம்' நம் வழக்கப்படி 'மாநிறம்' ஆனது நல்ல மொழியாக்கம். பிரகாஷ்ராஜைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2015-இல் வந்த மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி'யில் மறதி நோய் கண்ட மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவராக நடித்தவர் அவர். மூன்று ஆண்டுகள் கழித்து அவரே நோயாளியாக நடிக்கிறார். பெங்களூரில் பிறந்த, கன்னடமும் தமிழும் ஒருங்கே அறிந்த நடிகர், கன்னடத்தில் பிறந்த மறதியைத் தமிழில் நடித்துக் காட்டியிருக்கிறார்.

ஆனால் கதை பெங்களூரை விட்டுச் சென்னைக்குப் போனதில் நமக்கு ஒரு நஷ்டம். மூலத்தில் தந்தையும் கன்னடம், ஊரும் கன்னடம். தமிழில் தந்தையும் தமிழ், ஊரும் தமிழ். இரண்டிலும் நோயாளியின் மொழியும் அவரைச் சுற்றியுள்ளவர்களின் மொழியும் ஒன்றே. இடையில் இருக்கிற நாம், அதாவது கன்னட நாட்டில் தமிழ் பேசி மூப்படைகிறவர்கள், இரண்டு படத்திலும் இல்லை. இதை ஏதோ பிரதிநிதித்துவம் கேட்கும் மனக்குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மறதி நோயில் மொழி என்பது வெறும் அலங்காரம் அல்ல என்பதால் சொல்கிறேன்.

குளம் மட்டும் மறப்பதில்லை

பிரெஞ்சு அறிஞர் தியோதூல் ரிபோ 1881-இல் நினைவின் நோய்கள் பற்றி எழுதிய நூலில், புதிய நினைவுகள் முதலில் அழியும், பழையவை நெடுநாள் நிற்கும் என்றார். இதை நாம் ரிபோவிடம்தான் கற்க வேண்டும் என்பதில்லை. புறநானூற்று 243-ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார், இருமலுக்கிடையே சில சொல் பேசும் கோலூன்றிய முதியவராக நின்று, மரக்கிளையேறிக் குளத்தில் குதித்து மணல் எடுத்து வந்த இளமையை நினைத்து ஏங்குகிறார். அவருக்கு நினைவு தப்பவில்லை, உடல்தான் தளர்ந்துவிட்டது. இன்று நம் வீடுகளில் காண்பது வேறு. காலையில் சாப்பிட்டது நினைவில்லை, பேரன் பெயர் நினைவில்லை; ஆனால் அந்தக் குளம் மட்டும் நினைவிருக்கிறது.

குளம் நினைவிருப்பவருக்குக் குளத்தங்கரை மொழியும் நினைவிருக்கும். பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவதும், பிள்ளைப் பருவத்து மொழி கடைசிவரை நிற்பதும் எல்லாரிடமும் இல்லாவிட்டாலும் பலரிடம் காணப்படுகிறது. பல மொழி பேசுவதில் லாபமும் இருக்கிறது. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழி பேசுவோருக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதித்தே வந்ததாகத் தெரிந்தது. அவர் பின்னர் பெங்களூர் நிம்ஹான்ஸுக்கு வந்தார். ஆக, தமிழும் கன்னடமும் பேசி வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு அந்த இருமொழி வாழ்க்கை ஒரு கவசமாகவும் இருந்திருக்கலாம். கவசம் கழன்ற பிறகு மிஞ்சும் ஒரே மொழியில் அவரோடு பேச யார் இருக்கிறார்கள் என்பதே பிரச்சினை.

என் ஆயாவை (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) உதாரணம் காட்டுகிறேன். ஆரணிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகி அல்சூருக்கு வந்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் இங்கே வாழ்ந்தவர். மார்க்கெட்டில் கன்னடத்தில் பேரம் பேசினால் கடைக்காரர் இறங்கி வந்துதான் ஆக வேண்டும். இன்று அந்தக் கன்னடத்தில் ஒரு சொல் இல்லை. நகரத்துத் தமிழும் இல்லை. ஆரணிப் பேச்சு மட்டும் இருக்கிறது. 'இன்னா கண்ணு, துன்னியா?' என்று கேட்பார். அவர் இருக்கும் காப்பகத்தில் கவனித்துக்கொள்கிற பெண் அஸ்ஸாமிலிருந்து வந்தவர்; இந்தி பேசுவார், பெங்களூரில் பழகிய தமிழும் கொஞ்சம் புரியும். நல்ல பெண், கை பட்டால் ஆயா அமைதியாகிவிடுவார்.

ஒரு மாதம், பதிவேட்டில் 'வெளியே போக அடம்பிடிக்கிறார், அலையும் போக்கு உண்டு' என்று தொடர்ந்து எழுதியிருந்தது. மருந்து கூட்டலாமா என்று பேச்சு வந்தது. கேட்டுப் பார்த்தால், ஆயா சொன்னது, 'வெளிக்குப் போவணும்.' கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இது உடனே புரியும். அவர் கேட்டது வாசலை அல்ல, கழிப்பறையை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த தமிழில் 'வெளி' என்றால் வெளிதான். யார் மேலும் குற்றம் இல்லை. ஆனால் ஒரு சொல் புரியாததால் ஓர் இயற்கைத் தேவை நோயின் அறிகுறியாக எழுதப்பட்டுவிட்டது. சொல்லின் பொருளை விளக்கிச் சொன்ன பிறகு அந்த 'அலையும் போக்கு' நின்றுபோயிற்று.

இந்த ஒரு சொல்லில் இருக்கிற நாடகம் இரண்டு படங்களிலும் இல்லை என்பதே என் விமரிசனம். வெங்கோப ராவ் வெளியே போனார், உலகமே தேடியது. என் ஆயா 'வெளிக்கு'ப் போகக் கேட்டார், கதவைத்தான் சாத்தினார்கள்.

பரீட்சையிலும் இதே சிக்கல்தான். நினைவாற்றலை அளக்கும் கேள்விகளை ஒருவருக்குத் தெரியாத மொழியில் கேட்டால் உள்ளதைவிட நோய் அதிகமாகத் தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை உணர்ந்து இந்தியச் சூழலுக்கேற்ற சோதனைத் தொகுப்பை உருவாக்கியது. 2020-இல் அதைப்பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியானபோது இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து இந்திய மொழிகள் அதில் இருந்தன. அந்த முதல் வரிசையில் தமிழ் இல்லை. நம் பெரியவரைச் சோதனைக்கு அழைத்துப் போகும்போது 'எந்த மொழியில் கேட்பீர்கள்?' என்று விசாரிப்பது நம் கடமை.

மொழி தெரியாத தாய்

அப்படியானால் தமிழ் தெரிந்தவர்தான் தமிழரைப் பார்த்துக்கொள்ள முடியுமா? இல்லை என்று சொல்ல மராத்திய மொழியில் ஒரு படம் இருக்கிறது. சுமித்ரா பாவே, சுனில் சுக்தங்கர் இருவரும் இயக்கிய 'அஸ்து'. மோகன் ஆகாஷே மறதி நோய் கண்ட சமஸ்கிருதப் பேராசிரியராக வருகிறார். தெருவில் போகும் யானையின் பின்னால் போய்விடும் அவரை, யானைப்பாகனின் மனைவி சென்னம்மா சேர்த்துக்கொள்கிறாள். அவளுக்குக் கன்னடம்தான் பேச்சு. அம்ருதா சுபாஷ் அந்தப் பாத்திரத்துக்காகத் தேசிய விருது பெற்றார். படித்த மகளுக்குப் பாரமாகத் தெரிகிறவர், படிக்காத சென்னம்மாவுக்கு ஒரு குழந்தையாகத் தெரிகிறார். அவர் யார் என்று அவள் பரீட்சை வைப்பதில்லை. பசிக்கிறதா என்று மட்டும் பார்க்கிறாள்.

நான்கு படங்களில் உயர்ந்தது இதுவே என்பேன். 'ஓ காதல் கண்மணி'யில் லீலா சாம்சன் நடித்த பவானி, மும்பைத் தமிழ்ப் பாடகி, நம்மைப்போல வெளிமாநிலத்துக்காரர். அவருக்குக் கணவரும் இசையும் துணை இருக்கிறார்கள். ஆனால் அவர் நோய், இளம் காதலர்களுக்குப் பாடம் சொல்லும் கருவியாகவே நின்றுவிடுகிறது. 'அஸ்து'வில் மட்டும்தான் நோயாளியின் அருகில் உட்கார்ந்திருப்பது கதையாகிறது.

ஆனால் 'அஸ்து'வையும் அப்படியே ஏற்க முடியவில்லை. சென்னம்மாவுக்குக் கவனிக்க ஒரே ஒருவர். காப்பகத்துப் பெண்ணுக்கு ஒரு ஷிஃப்டில் பலர். அன்பு இருந்தால் மொழி எதற்கு என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால், மொழியின் வேலையையும் சேர்த்து அந்தப் பெண்ணின் தலையில் கட்டுகிறோம். 'வெளிக்கு' என்ற சொல்லை அன்பு மட்டும் மொழிபெயர்க்காது. தெரிந்தவர் சொல்லித்தர வேண்டும்.

என்ன செய்யலாம்?

விமரிசனம் எழுதுகிறவன் யோசனையும் சொல்ல வேண்டும். போய்ப் பார்க்கும்போது 'நான் யாருன்னு சொல்லு பாப்போம்?' என்ற கேள்வியை விட்டுவிடலாம். அது பரீட்சை, அதில் தோற்பது அவமானம். 'நான்தான் ஆயா, உன் பேரன் வந்திருக்கேன்' என்று நாமே சொல்லிவிட்டு, அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்கு நாம் போகலாம். ஒரு சிறு நோட்டில் பசி, தாகம், வலி, குளிர், கழிப்பறை, தூக்கம் ஆகியவற்றுக்கு அந்தப் பெரியவர் சொல்லும் சொற்களை, புத்தகத் தமிழில் அல்ல, அவர் ஊர்ப் பேச்சில், கன்னடத்திலும் இந்தியிலும் பொருளோடு எழுதிக் காப்பகத்தில் கொடுக்கலாம். இருபது சொல் போதும்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், நல்லதே. மொழியின் முதல் படியில் நிற்கும் குழந்தைக்குச் செய்வதை, அதன் கடைசிப் படியில் நிற்கும் முதியவருக்கும் செய்யலாமே. மாதம் ஒருமுறை நாலு பேர் காப்பகங்களுக்குப் போய், அங்குள்ள தமிழ்ப் பெரியவர்களோடு அவர்கள் ஊர்த் தமிழில் பேசிவிட்டு வரலாம். அவர்கள் நம்மை நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அது கணக்கில்லை. பேசிய அந்த அரைமணி நேரம் அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் இருந்தார் என்பதுதான் கணக்கு.