மனோன்மணி என்னும் விளி

குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களை மதிப்பிடுவோர் இருதிறத்தர். அவை தாயுமானவர் வாக்கின் எதிரொலி என்பர் ஒரு சாரார். சூபிக் கொள்கைக்குச் சித்தர் சொற்களைப் போர்த்தியவை என்பர் மற்றொரு சாரார். சொல்லைப் பொருளின் மேலாடையாகக் கருதுவது இவ்விரு கூற்றுக்கும் பொதுவான குறை. மனோன்மணி என்னும் ஒரு விளியைக் கொண்டே இக்குறையைத் தெளியலாம்.

சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயருடைய இவர், 1792-இல் தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்து, துறவு பூண்டு, வடசென்னையில் தங்கி, 1838-இல் மறைந்தார். வியாசர்பாடிக்குக் கிழக்கே இன்றும் அவர் அடக்கத்தலம் உளது. தொண்டியார் என்று அவரை வழங்கிய பெயரே தண்டையார்பேட்டை ஆயிற்று என்பர்.

அவருடைய பராபரக்கண்ணி, யாப்பாலும் விளியாலும் தாயுமானவரைப் பின்பற்றுவது, இதனை மறுத்தற்கில்லை. ஆயின் மனோன்மணிக்கண்ணியின் நிலை வேறு. நம் பக்தி இலக்கியத்தில் இறைவன் தலைவன். ஏங்கும் உயிர் தலைவி. ஈண்டோ இறை தலைவியாக, ஏங்கும் அடியவன் தலைவனாகின்றான். இது லைலாவை நாடும் மஜ்னூனைப் பாடிய பாரசீகச் சூபியர் நெறி. அந்நெறியைத் தமிழில் நிறுத்தப் பெண்பாற் பெயரொன்று வேண்டியிருந்தது. சத்தியின் பெயராகவும், மனம் கடந்த யோக நிலையின் பெயராகவும் திருமந்திர மரபில் வழங்கிய மனோன்மணி, காதலியையும் அனுபவத்தையும் ஒருங்கே சுட்டவல்லது. யோக நிலை மட்டுமே கருத்தாயின் காதலனின் இறைஞ்சல் மிகை. காதல் மட்டுமே கருத்தாயின் லைலா என்னும் பெயரே போதும். ஆகவே இச்சொல் பொருளை மறைக்கும் போர்வையன்று. பொருள் பிறக்கும் இடம்.

சுமத்திராவின் ஹம்சா பன்சூரியும் இத்தகைய பணியே ஆற்றினார். ஓரியைபுடைய நாலடிச் சயிர் யாப்பில், கடலையும் அலையையும் கலத்தையும் கொண்டு, இறையுண்மையின் ஒருமையை மலாய் மொழியில் உணர்த்தினார். அவர் மறைந்த பின், 1637-இல் அச்சே வந்த நூருத்தீன் ரானீரி அக்கொள்கையைக் கண்டித்தார், நூல்கள் எரியுண்டன. மஸ்தானுக்கோ, சைவப் புலவராகிய திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை சாத்தினார்.

இவ்வேறுபாட்டுக்கு அரசியற் சூழலும் காரணமாதல் கூடும். எனினும், பிற சமயப் புலவர் ஒருவர் தம் மொழியையே அப்பாடல்களிற் கேட்டார் என்பது தெளிவு. மஸ்தானைச் சித்தருள் மட்டும் அடக்கின், இறையைக் காதலியாக்கிய அவருடைய புதுமை மறையும். சூபியருள் மட்டும் அடக்கின், அதனைத் தாங்கிய தமிழ் மறையும். இரண்டனையும் ஒருங்கு நோக்குவதே அவரைக் கற்கும் முறையாகும்.