கண்ணடித்த பிறகு

2018 பெப்ரவரியில் ஒரு பள்ளிக்கூடப் பெண் புருவத்தை உயர்த்திக் கண்ணடித்தாள். 'ஒரு அடார் லவ்' என்ற மலையாளப் படத்தின் பாடல் காட்சி அது. பிரியா பிரகாஷ் வாரியரின் அந்த முகம் சில நாட்களிலேயே கைத்தொலைபேசி உள்ள இடமெல்லாம் போய்ச் சேர்ந்தது. திருகோணமலையும் அதற்கு விலக்கில்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தவர்களுக்குப் பாட்டோடு இன்னொரு நெருக்கமும் உண்டு. 'மாணிக்ய மலராய பூவி' என்ற அந்தப் பாட்டு, நபிகளாரின் துணைவியார் கதீஜா நாயகியைப் போற்றும், கேரள முஸ்லிம்களின் மாப்பிளைப் பாட்டு. பி.எம்.ஏ. ஜப்பார் 1978இல் எழுதியது. தலச்சேரி ரபீக் பாடிப் பரப்பியது. ஷான் ரஹ்மான் அதன் பழைய மெட்டைக் கெடுக்காமல் புதுக்கியிருந்தார். வினீத் ஸ்ரீநிவாசன் பாடியிருந்தார். பாட்டு மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று ஹைதராபாத்தில் பதிவான வழக்கை இந்திய உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஓகஸ்ட் 31 அன்று இரத்துச் செய்தது.

படம் 2019 பெப்ரவரி 14 அன்று, காதலர் தினத்தில் வந்தது. தமிழ்க் குரலோடும் வந்தது. பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

ஏமாற்றத்தை விளங்கிக்கொள்ள முதலில் அந்தக் கண்ணடிப்பைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது உண்மையாகவே நல்ல காட்சி. பள்ளிக்கூட விழா. மேடையில் பாட்டு நடக்கிறது, சுற்றிவரப் பிள்ளைகள். அவ்வளவு பேருக்கு நடுவில் ஒரு பொடியனுக்கும் ஒரு பெட்டைக்கும் மட்டும் தெரிந்த ஒரு பேச்சு புருவத்தாலேயே நடந்து முடிகிறது. பழந்தமிழர் இதைக் களவு என்றார்கள். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி, பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கல்லூரி என்று பிரிந்து படித்து, உயர்தர வகுப்புக் காலத்தில் டியூசன் கொட்டிலில்தான் ஒருவரையொருவர் பார்க்கக் கிடைக்கும் ஊரில், அந்தப் பார்வைக்கு விளக்கம் தேவையில்லை. கண்டவுடன் பிடிபடும்.

அகப்பாடலில் களவுக்குத் தலைவனும் தலைவியும் மட்டும் போதாது. நிலமும் பொழுதும் வேண்டும். அவற்றையே முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்கிறது. இயக்குநர் ஒமர் லுலுவின் இந்தப் படத்தில் இல்லாமல் போனது இந்த முதற்பொருள்தான். பள்ளிக்கூடம் வெறும் நிறம் பூசிய சுவராக நிற்கிறது. பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள், பரீட்சைக்குப் பிறகு என்ன ஆவார்கள் என்ற பயம் அவர்களுக்கு உண்டா, ஒன்றுமே தெரியவில்லை. ஆசிரியர்கள் பகிடிக்கு மட்டும் வந்து போகிறார்கள். தோழர் கூட்டம் இருக்கிறது. ஆனால் அகப்பாடலில் தலைவனின் பாங்கனும் தலைவியின் தோழியும் செய்த வேலையை, அதாவது காதலின் விளைவை எண்ணிப் பார்க்கும் வேலையை, அதில் ஒருவரும் செய்வதில்லை.

இதைவிடப் பெரிய பிழை கதையின் நடுவில் இருக்கிறது. கண்ணடிப்பு உலகம் சுற்றிய பிறகு, பிரியாவுக்கு இடம் கூட்டுவதற்காகக் கதை மாற்றப்பட்டதாகச் செய்திகள் வந்தன. நூரின் ஷெரீப் நடித்த காதாவே முதலில் நாயகியாக இருந்தவள். அந்த இழுபறி திரையில் அப்படியே தெரிகிறது. நாயகன் ரோஷனுக்கும் பிரியாவுக்கும் இடையில் முறிவு வருகிறது. பிரியாவுக்குப் பொறாமை மூட்ட அவன் காதாவோடு காதல் நடிக்கிறான். நடிப்பு மெய்யாகிறது. தன்னை ஒரு கருவியாக எடுத்துக்கொண்டவனை ஒரு பெண் எப்படி விரும்பத் தொடங்குகிறாள் என்பது அருமையான கேள்வி. நூரின் அதற்குத் தயாராகவே நடித்திருக்கிறார். படத்தில் ஓரளவாவது உயிர் உள்ள இடங்கள் அவருடையவை. இயக்குநரோ அந்தக் கேள்வியில் ஒரு நிமிடமும் தங்கவில்லை.

பிறகு அந்த முடிவு. இவ்வளவு நேரம் பகிடியும் பாட்டுமாக ஓடிய படம், கடைசியில் ஒரு கும்பலின் கொடுந்தாக்குதலை இறக்கி வைக்கிறது. கண்டனம் எழுந்தது. ஒரு வாரத்துக்குள் வேறு முடிவு எடுத்துத் திரையரங்குகளில் ஒட்டினார்கள். பெண்ணின் மேல் நடக்கும் வன்முறை, பார்ப்பவர் மனம் கோணினால் கழற்றி வைக்கக்கூடிய ஒரு துண்டாக இருந்திருக்கிறது. கலையில் இதைவிடப் பெரிய அலட்சியம் கிடையாது. துயரமான முடிவை நம்பி எடுத்திருந்தால் அதைக் காத்து நின்றிருக்க வேண்டும். நம்பவில்லை என்றால் தொட்டிருக்கவே கூடாது.

ஒரு சின்னத் துணுக்கைக் காட்டி ஆவலைக் கிளப்பும் வழக்கத்தையே குற்றம் சொல்ல முடியாது. புதுமுகங்களை வைத்து, பெரிய நட்சத்திரம் இல்லாமல் வரும் படத்துக்கு அது வாசல் திறக்கிறது. பாட்டெழுதிய ஜப்பார் அப்போது ரியாத்தில் ஒரு கடையில் வேலை பார்த்து வந்தார் என்பது வெளியே தெரிய வந்ததும் அந்தத் துணுக்கால்தான். நாற்பது வருடம் தாமதமாகக் கிடைத்த பெயர் அது. ஆனால் துணுக்கு புகழ் பெற்றதும் அதற்கேற்றபடி கதையை வெட்டித் தைக்கத் தொடங்கினால், கதை தன் காலில் நிற்காது.

அதே 2019இல், யூலையில், கிரீஷ் ஏ.டி.யின் முதல் படமான 'தண்ணீர் மத்தன் தினங்கள்' வந்தது. தண்ணீர் மத்தன் என்றால் நம் வத்தகப்பழம். இங்கேயும் அதே வயதுப் பிள்ளைகள்; இங்கேயும் வினீத் ஸ்ரீநிவாசன், இம்முறை ஆசிரியராக. மேத்யூ தோமஸ் நடித்த ஜெய்சனுக்கு அனஸ்வரா ராஜனின் கீர்த்தி மேல் விருப்பம். புதிதாக வந்த ஆசிரியர் மேல் சந்தேகம். கதை அவ்வளவுதான். ஆனாலும் அந்த வகுப்பறைக்கு வெக்கை இருக்கிறது, குளிர்பானக் கடைக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகளுக்குச் சில்லறைக் கணக்கு இருக்கிறது. பையனுடைய அவமானம் பார்ப்பவருடைய அவமானமாகிறது. நிலமும் பொழுதும் கூடி வந்த படம் அது.

அப்படியொரு நிலமும் பொழுதும் நம் ஊரிலும் உண்டு. நிலாவெளி வீதியில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. ஊர்ச்சனம் 'கம்பஸ்' என்று சொல்லும் அந்த இடத்தில் சித்த மருத்துவமும் தொடர்பாடலும் படிக்கத் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். ஒருவரின் மொழி இன்னொருவருக்கு அரைகுறை. பகிடிவதையைத் தடைசெய்து 1998இலேயே சட்டம் வந்த நாட்டில், முதலாம் வருடத்துப் பிள்ளை சீனியரைக் கண்டு இன்றும் ஒதுங்கிப் போகிறது. கடல் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அங்கே ஒருத்தி மற்ற மொழிக்காரன் ஒருவனைப் பார்த்துக் கண்ணடித்தால், அடுத்த நாள் காலை விரிவுரைக்கு அவள் எந்த வாங்கில் போய் உட்காருவாள் என்பதிலிருந்து ஒரு படம் தொடங்கலாம்.