திதலையும் தலைவி உள்ளமும்

கருவுற்ற மகளிர் வயிற்றில், பேறு அணுகும் திங்களில், தோல் விரிதலான் வரிகள் தோன்றுதல் இயல்பு. முதலிற் செந்நிறமுற்றுப் பின்னர் வெளிறும் அவ்வரிகளைக் கண்டு, தம் அழகு குன்றியதென வருந்துவார் பலர். அவற்றைத் தடுக்கும் என்று களிம்புகள் விற்கப்படுகின்றன. ஆயின், 800 பெண்டிரை உட்கொண்ட ஆறு சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2012ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பீடு அதற்கு உறுதியான சான்று கண்டிலது. களிம்பால் தீராத இவ்வருத்தத்தைப் பழந்தமிழ்ச் செய்யுள் எவ்வாறு நோக்கிற்று என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இதற்குத் துணையாவது ‘திதலை’ என்னும் சொல். தேமல் என்பதே அதற்குப் பெரிதும் வழங்கும் உரை. புதுவைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை வெளியிட்ட பழந்தமிழ் நூற் சொல்லடைவின் துணைகொண்டு இச்சொல் பயிலும் இடங்களை ஒருங்கு நோக்கின், ஒரு பொருளே எங்கும் பொருந்தாமை புலனாகும். குறுந்தொகை 27இல் மகப்பேற்றுக் குறிப்பு இல்லை. அகநானூறு 86இலோ, திதலை மகவீன்ற மகளிரின் வயிற்றின் மேலது. நற்றிணை 370இல் அது புதல்வனைப் பெற்ற தலைவிக்கு உரியது. ‘வரி’ என்னும் சொல்லும் உடன் நிற்கின்றது. ஆதலின், திதலை யாண்டும் பேற்று வரியே எனல் மிகையாம். இவ்விரு பாட்டிலும் அங்ஙனம் கொள்ளுதல் இடத்தொடு இயையும்.

அகநானூற்றுப் பாட்டில் அத்தகைய மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். மறைத்தற்குரிய வடுவாகக் கருதப்படாமல், மங்கல வினைக்குத் தகுதி தரும் அடையாளமாகவே ஆண்டுத் திதலை நிற்கின்றது. இதனைக் கொண்டு, ‘நம் முன்னோர் தாய்மை வரியைப் போற்றினர், பெண்டிர்க்கு அந்நாளில் வருத்தமில்லை’ என்று முடிவு செய்வாரும் உளராகலாம். அம்முடிவு நற்றிணைப் பாட்டின்முன் நில்லாது.

ஆண்டு, நீண்ட ஊடலை ஆற்றாத தலைவன் பழைய நிகழ்ச்சி ஒன்றைப் பாணற்கு உரைக்கின்றான். மகவீன்று கிடந்த தலைவியை அணுகி, ‘முதுபெண்டு’ ஆயினை எனக் கூறிக் குவளை மலரை அவள் வயிற்றில் ஒற்றினான். அவள் முறுவலித்துத் தன் கண்களைக் கையாற் புதைத்தாள். அது நாணமோ, மகிழ்ச்சியோ, இளமை கழிந்ததென்னும் உட்சுடுதலோ? பாட்டு கூறவில்லை. கூறாமைக்குக் காரணம், பேசுபவன் தலைவன் என்பதே. அவன் கண்டது கை மறைத்த முகத்தை மட்டுமே. அகநானூற்றுப் பாட்டினையும் தலைவனே கூறுகின்றான். போற்றுதல் உண்டு, போற்றப்பட்டாளின் சொல் இல்லை.

புதுவை தந்த பாரதிதாசனும் குடும்ப விளக்கின் இறுதிப் பகுதியாகிய ‘முதியோர் காத’லில், மனைவியின் உடலழகு கழிந்த பின்னும் அவள் இருத்தலே இன்பம் எனக் காணும் முதியவரைப் படைத்தார். உயர்ந்த காதல் அது; எனினும் அவ்விடத்தும் பேசுபவர் கணவரே.

பெண்ணே தன் திதலையைப் பேசும் இடம் வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாட்டு. அதில் வரும் தலைவி, தன் அழகு தனக்கும் ஆகாமல் தலைவற்கும் உதவாமல் கழிவதற்கு இரங்குகின்றாள். ‘எனக்கும்’ என்று கூறுதலே கருதத்தக்கது. பெண்ணின் மேனியழகு காண்பார்க்கு மட்டுமன்றி அவட்கும் உரியது என்னும் உண்மையை அச்சொல் நாட்டுகின்றது.

எனவே, கருவுற்றாள் தன் வயிற்று வரி கண்டு வருந்துங்கால், ‘அது தாய்மையின் அணி’ எனக் கூறி வாயடைத்தல் தலைவன் கூற்றையே மீளக் கூறுதலாகும். முன்னர்ச் செய்யத்தக்கது அவள் கூற்றைக் கேட்டல். திதலையை ஆராயப் புகும் மாணவர், அச்சொல்லின் பொருளோடு, அதனைக் கூறுபவர் யார் என்பதனையும் குறித்துச் செல்வாராக.