செல்போனை அணைத்துவிட்டால் ஆபீஸ் ஓடுமா?

போன முறை புளியங்குடிக்குப் போயிருந்தபோது ஒரு சர்டிபிகேட்டுக்காக ஓர் அலுவலகக் கவுன்டரில் முக்கால் மணி நேரம் நின்றேன். உள்ளே இருந்தவர் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார், சத்தத்தோடு. எனக்கு முன்னால் நின்ற எலுமிச்சை வியாபாரி, "இவுங்க போனை எல்லாம் வாங்கி வச்சிட்டா நாடு உருப்பட்டுரும் தம்பி" என்றார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு, 2022 மார்ச்சில் வந்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு ஞாபகம் வந்தது. அது கிட்டத்தட்ட அந்த வியாபாரி சொன்னதையேதான் சொல்கிறது.

திருச்சியில் சுகாதாரத் துறையின் வாகனப் பணிமனையில் கண்காணிப்பாளராக இருந்த ஒருவர், ஆபீசுக்குள் சக ஊழியர்களை செல்போனில் வீடியோ எடுத்தார் என்று சஸ்பெண்ட் ஆனார். அதை எதிர்த்து அவர் போட்ட வழக்கு இது. நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் வீடியோ விஷயத்தோடு நிற்கவில்லை. அலுவலக நேரத்தில் சொந்த உபயோகத்துக்கு செல்போனை அனுமதிக்கக் கூடாது, அவசர அழைப்பு என்றால் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வெளியே போய்ப் பேச வேண்டும், இதற்கு அரசு விதிமுறை வகுக்க வேண்டும், மீறினால் 1973-ம் ஆண்டு நடத்தை விதிகளின்படி நடவடிக்கை என்று போகிறது உத்தரவு.

என் சிக்கல் இங்கேதான். சம்மதம் இல்லாமல் அடுத்தவரைப் படம் பிடிப்பது ஒரு தப்பு. மக்களை நிற்க வைத்துவிட்டு ரீல்ஸ் பார்ப்பது வேறு தப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் குறைஞ்சுதா என்று வீட்டுக்கு ஒரு மெசேஜ் போடுவது தப்பே இல்லை. மூன்றையும் ஒரே விதிக்குள் போட்டால், மேலதிகாரிக்குப் பிடிக்காதவர் மேல் மட்டும்தான் அது பாயும்.

இன்னொன்று. இன்றைக்கு அரசு அலுவலகமே ஊழியரின் சொந்த செல்போனில்தான் ஓடுகிறது. உத்தரவு, போட்டோ, அறிக்கை எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில். ராத்திரி பத்து மணிக்கும் "உடனே அனுப்பவும்" என்று வரும். வேலை வீட்டுக்குள் வரலாமாம், வீடு மட்டும் வேலைக்குள் வரக் கூடாதாம்!

தனியாரில் கதை வேற மாதிரி. அங்கே போனைப் பிடுங்க மாட்டார்கள், சில தளங்களை பிராக்சியில் அடைப்பார்கள். அது எனக்குப் பெரிய குறை இல்லை, அடைத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். தெரியாதது கண்காணிப்பு. கம்பெனி தன் ரூட் சர்டிபிகேட்டை லேப்டாப்பில் நிறுவியிருந்தால், பூட்டுப் படம் போட்ட தளத்தில் நீங்கள் அடிப்பதையும் நடுவில் பிரித்துப் படிக்க முடியும். பல இடங்களில் வங்கி, மருத்துவத் தளங்களுக்கு விலக்கு வைப்பார்கள். வைத்திருக்கிறார்களா என்பது, தளத்தின் சர்டிபிகேட்டைத் திறந்து யார் கொடுத்தது என்று பார்த்தால்தான் தெரியும்.

ருமேனியாவில் பொக்தான் பர்புலெஸ்கு என்பவர் 2007-ல் இப்படித்தான் மாட்டினார். யாஹூ மெசஞ்சரில் சகோதரரிடமும் நிச்சயம் செய்த பெண்ணிடமும் பேசியதை எல்லாம் கம்பெனி அச்செடுத்து நீட்டியது, வேலை போனது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2017 செப்டம்பர் 5 அன்று, 11-க்கு 6 என்ற கணக்கில், அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சொந்த உபயோகம் கூடாது என்று விதி இருந்தது அவருக்குத் தெரியும். ஆனால் எதை, எந்த அளவுக்குப் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லவில்லையே என்பதுதான் கேள்வி.

அதற்குப் பன்னிரண்டே நாள் முன்னால், ஆகஸ்ட் 24 அன்று, நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதைப் படித்த சந்தோஷத்தில் நண்பர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 7-ம் பிரிவைப் பாருங்கள். வேலைவாய்ப்பு நோக்கத்துக்காகவும், நிறுவனத்தை நஷ்டத்திலிருந்து காப்பதற்காகவும் ஊழியரின் தரவைச் சம்மதம் கேட்காமலே கையாளலாம். பர்புலெஸ்குவுக்குக் கிடைத்த அந்த "முன்கூட்டியே சொல்" என்பதை அங்கே தேடினேன், கிடைக்கவில்லை.

எங்கள் ஆபீஸ் பாலிசியில் "கண்காணிக்கப்படலாம்" என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று ஹெச்ஆருக்கு மெயில் போட்டுக் கேட்டேன். ஆபீஸ் மெயிலிலிருந்துதான். பதில் இன்னும் வரலை. படித்துவிட்டார்கள் என்று மட்டும் தெரியும்.